ஐந்து லட்சம் ஆம்பியரும் ஒரு ஹீட்டர் ஒயரும்

ஒரு ஒயரில் 1 ஆம்பியர் ஓடினால், அதற்கு 1 மீட்டர் தள்ளி 200 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) காந்தப்புலம் இருக்கும். இதே கணக்கை வானத்துக்கும் போடலாம். துருவ ஒளி ஆடுகிற இரவில், தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு மேற்காக ஒரு மின்தாரை, அதாவது ஆறு மாதிரி ஒரு மின்னோட்டம், ஓடுகிறது. அதில் 5 லட்சம் ஆம்பியர் ஓடினால் தரையில் புலம் 1000 நானோடெஸ்லா மாறும். புலத்தை அளக்கிற காந்தமானி என்ற கருவிக்கு ஒரு மீட்டர் தள்ளிப் போகிற 5 ஆம்பியர் ஹீட்டர் ஒயரும் அதே 1000-ஐத்தான் காட்டும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். வடதுருவப் பக்கத்து ஊர்களான கிரூனா (ஸ்வீடன்), திரொம்சோ (நார்வே), சோதன்கூலா (பின்லாந்து) பக்கம் மின்தாரையை அளக்க நிலையம் போடுகிறவர்களுக்குப் பாதி வேலை இந்த ஹீட்டர் ஒயர் ரகச் சங்கதிகளை ஒழித்துக்கட்டுவதுதான்.

ஒயர் விஷயத்தில் தீர்வு எளிது. போகிற கம்பியையும் திரும்புகிற கம்பியையும் நெருக்கமாக முறுக்கிவிட்டால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மற்றவை அவ்வளவு எளிதல்ல.

காந்தமானியாகப் பெரும்பாலும் மூன்று அச்சு ஃப்ளக்ஸ்கேட் சென்சார்தான் வைப்பார்கள். வடக்கு, கிழக்கு, கீழ்நோக்கு என்று மூன்று திசைக்கும் தனித்தனி எண். முதலில் இடத்தைச் சோதிக்க வேண்டும். புலத்தின் மொத்த அளவை மட்டும் சொல்லும் புரோட்டான் காந்தமானியை எடுத்துக்கொண்டு இரண்டு மீட்டருக்கு ஒரு தடவை கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். கிரூனா மாதிரி இரும்புத்தாது உள்ள ஊரில் நாலு அடி நகர்ந்தாலே புலம் எகிறும். அப்படிப்பட்ட இடத்தில் சென்சார் வைத்தால், பாறை சூடாகிக் குளிர்வதைக்கூட அது எழுதிவைக்கும்.

வண்டிகளின் தொல்லை தூரத்தின் மும்மடிக்குத் தலைகீழாகக் குறையும். 10 மீட்டரில் 40 நானோடெஸ்லா காட்டுகிற கார், 50 மீட்டரில் 0.3 தான் காட்டும். ஆகவே பாதையிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் போவது வீண் ஜாக்கிரதை இல்லை. பெட்டிக்குப் பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக் திருகு போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது என்று நம்ப வேண்டாம். 304 ரகத் திருகை இழைபோட அழுத்தும்போதே அதில் காந்தத்தன்மை வந்துவிடும். ஒவ்வொரு திருகையும் சென்சார் அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நிஜமான எதிரி மண். ஈர மண் உறையும்போது பொங்கி மேலே தள்ளும். அதோடு தூணும் சாயும். புலம் 50,000 நானோடெஸ்லாவுக்கு மேல் உள்ள இடத்தில், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு சாய்ந்தாலே 15 நானோடெஸ்லா வரை பிழை வரும். இது ஒரே இரவில் நடக்காது, வாரக்கணக்கில் ஊர்ந்து வரும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் 'அமைதியான நாள்' அளவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். தூணின் அடியைப் பாறையில் ஊன்ற வேண்டும். பாறை கிடைக்காவிட்டால் உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறக்க வேண்டும். காசு இருந்தால், தானே செங்குத்தாகத் தொங்கும் சென்சார் வாங்கலாம். ரசமட்டம் வைத்து இலையுதிர் காலத்தில் ஒருமுறை, பனி கரைந்த பின் ஒருமுறை பார்த்தால் எவ்வளவு சாய்ந்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நிலமின்னோட்டம். மேலே மின்தாரை துள்ளும்போது கீழே பூமிக்குள்ளும் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1859 செப்டம்பரில் அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லேண்டுக்கும் இடையே தந்திக்காரர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இந்த மின்னோட்டத்திலேயே செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அளப்பதற்குத் தேவை 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள், ஒரு கேபிள், அளவைத் தொடர்ந்து பதிந்துவைக்கும் ஒரு டேட்டா லாகர், அவ்வளவுதான். கிழக்கு மேற்காக ஒரு ஜோடி, வடக்கு தெற்காக ஒரு ஜோடி. தாரை கிழக்கு மேற்காக ஓடுவதால் முதல் ஜோடியில்தான் வேடிக்கை அதிகம்.

கிலோமீட்டருக்கு 10 மில்லிவோல்ட் புலம் என்றால், 100 மீட்டரில் கிடைப்பது 1 மில்லிவோல்ட். இங்கேதான் மின்முனை காலை வாரும். வெறும் இரும்புக் கம்பியை அடித்தால் அதன் வேதிவினையே பல பத்து மில்லிவோல்ட் அலையும். தாமிரம்–தாமிர சல்ஃபேட் முனை பரவாயில்லை, ஆனால் ஒரு டிகிரி வெப்பம் மாறினால் கிட்டத்தட்ட ஒரு மில்லிவோல்ட் நகரும். ஈயம்–ஈயக் குளோரைடு முனையில் அது 0.04 அளவில் நின்றுவிடும். நீண்ட நாள் பதிவுக்கு இதையே தேர்ந்தெடுங்கள். குழியின் அடியில் உப்புத் தண்ணீரில் குழைத்த பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண்) சேற்றை நிரப்பி, அதில் முனையைப் பதித்து, மண்ணை இறுக மிதித்து மூட வேண்டும்.

இந்த வேலை கோடையில் முடிந்திருக்க வேண்டும். மண் உறைந்தபின் ஒரு முனைக்கும் மண்ணுக்கும் இடையிலான தொடுமின்தடை 50 கிலோஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 100. லாகரின் உள்ளீட்டுத் தடை 1 மெகாஓம் என்றால் ஒன்பது சதவீத சிக்னல் அங்கேயே போய்விடும். குளிர் ஏற ஏற அந்தச் சதவீதமும் ஏறும். நடுவே 100 மெகாஓமுக்கு மேல் உள்ளீட்டுத் தடை உள்ள பஃபர் பெருக்கி போட்டால் இந்தத் தலைவலி இல்லை. இன்னொன்று: மின்முனைக்கு மேலே கிடக்கும் பனியை யாரும் தொடக் கூடாது. பனி ஒரு கம்பளி. அதை வாரிவிட்டாலோ, அதன்மேல் ஸ்நோ ஸ்கூட்டர் ஓட்டி இறுக்கிவிட்டாலோ, உறைவு சரசரவென்று கீழே இறங்கிவிடும்.

கேபிளைக் கம்பத்தில் தொங்கவிடாதீர்கள். காற்றில் ஆடும் கம்பி பூமியின் காந்தப்புலத்தை வெட்டும், வெட்டினால் மின்னழுத்தம் வரும். தரையோடு தரையாகப் போட்டுக் கல் வையுங்கள், முடிந்தால் புதையுங்கள். முயலும் எலியும் கடிக்கிற இடமென்றால் குழாய்க்குள் விடுவதுதான் வழி.

மேல்மண்டலத்தை அளக்க மூன்றாவதாக ரியோமீட்டர் சேர்த்தால் நல்லது. அண்டவெளியிலிருந்து வரும் 30 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ரேடியோ இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கும் ரிசீவர் அது. வேகமான எலக்ட்ரான்கள் 90 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினால் அங்கே இரைச்சல் உறிஞ்சப்படும். 1 டெசிபெல் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட வேண்டியது நேற்றைய அதே மணியோடு அல்ல. நட்சத்திர நாள் நான்கு நிமிடம் குட்டை, அந்தக் கணக்கில் நகர்த்திப் பாருங்கள். பனிப்புயலில் மின்னூட்டம் ஏறிய துகள்கள் ஆன்டெனாவில் மோதி இரைச்சலைக் கூட்டும். உறிஞ்சல் மைனஸில் போனால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி பதிவைப் படிப்பது. மாலையில் தாரை கிழக்கு நோக்கி ஓடும், வடக்குக் கூறு ஏறும். நள்ளிரவை ஒட்டி மேற்கு நோக்கித் திரும்பும், கூறு சில நிமிடங்களில் பல நூறு நானோடெஸ்லா சரியும். அந்த மேற்குத் தாரை உங்களுக்கு வடக்கே இருந்தால் கீழ்நோக்குக் கூறும் குறையும், தெற்கே இருந்தால் கூடும். குறி மாறுகிற நிலையத்தின் மேலேதான் தாரையின் நடு. திருநெல்வேலிக்கு மேலே ஓடும் நிலநடுக்கோட்டு மின்தாரை இவ்வளவு படுத்தாது. பகலில் ஓடி, இரவில் அடங்கிவிடும்.

1000 நானோடெஸ்லாவைப் பார்த்ததும் 5 லட்சம் என்று எழுதிவிடவும் கூடாது. பூமிக்குள் தூண்டப்பட்ட மின்னோட்டமும் வடக்குக் கூறில் தன் பங்கைச் சேர்க்கிறது. உபபுயல் (துருவ ஒளி திடீரென்று பொங்கும் காந்தக் குலுக்கல்) வெடிக்கும் நேரத்தில் அது 40 சதவீதம் வரை போகலாம்.

சந்தேகமான துள்ளல் வந்தால் காந்தமானியின் பதிவையும் மின்முனையின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடக்குக் கூறு வேகமாக மாறும்போதுதான் கிழக்கு மேற்கு மின்னழுத்தம் எகிற வேண்டும். மின்முனை மட்டும் குதித்திருந்தால் கேபிளில் போய்ப் பாருங்கள். காந்தமானி மட்டும் குதித்து, பக்கத்து நிலையத்தில் ஒன்றுமில்லை என்றால், நிலையத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்று எழுதிவைக்கும் வாசல் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். அதில் '14:20, ஸ்நோ ஸ்கூட்டர்' என்று இருக்கும். அது உள்ளூர் நேரமா, உலக நேரமா என்று எழுதியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.