ஓரியூர் மண்ணில் இறக்கிவிட்ட பிள்ளை

மாமி நேர்ந்துகொண்டது எனக்கு அன்றைக்குத் தெரியாது. போன ஐப்பசியில் பிள்ளைக்கு ஏழு மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. இவன் அப்பா கடலில். தொண்டியில் பார்த்துவிட்டு, நிமோனியா, உடனே ராமநாதபுரம் கொண்டுபோங்கள் என்று 108-இல் ஏற்றிவிட்டார்கள். வழி முழுக்க "மாதாவே, மாதாவே" என்ற ஒரு வார்த்தையைத் தவிர என் வாயில் வேறு எதுவும் வரவில்லை. பக்கத்தில் இருந்த மாமி வாயே திறக்கவில்லை. ஆறாம் நாள் பிள்ளை பால் குடித்த பிறகுதான் சொன்னார்:

"அவனை அருளானந்தர்ட்ட ஒப்படைச்சுட்டேன் தாயி. நடந்துபோயி அந்த மண்ணுல இறக்கிவிடணும்."

அருளானந்தர் ஓரியூரில் வேதத்துக்காக உயிரைக் கொடுத்த புனிதர். பிப்ரவரி 4-ஆம் தேதியே அங்கே போக வேண்டும் என்று மாமி பிடிவாதம். திருவிழா நாள், கூட்டம் தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி என்று முந்தின இரவே ஊரிலிருந்து ஏழு பேர் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு லாரிக்கும் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓரம் ஒதுங்கினேன். ஜெபமாலையில் நான்காவது காரணிக்கம், அதாவது நான்காவது பத்துமணி, சொல்லும்போது மாமியின் குதிகாலில் முள் ஏறிவிட்டது. செருப்புப் போட மாட்டேன் என்றுவிட்டார். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து அருள் நிறைந்த மரியேயைத் தொடர்ந்தார்.

திருப்பாடல் 121-இல் மலைகளைப் பார்த்து, உதவி எங்கிருந்து வரும் என்று கேட்பார்களே, அது நினைவு வந்தது. எங்கள் கரையில் மலை ஏது? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கருவேலங்காடு. அந்த இருட்டில் எந்தப் பக்கம் பார்த்துக் கேட்டாலும் ஒன்றுதான். எஸ்.பி.பட்டினம் தாண்டி மேற்கே திரும்பியபோது வெளுக்க ஆரம்பித்தது.

ஓரியூரில் கால் வைக்க இடமில்லை. வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்து மெழுகுதிரிக் கட்டைத் திணிக்கிறார்கள். மொட்டைக்கு ஒரு தொகை பேசிவிட்டு, பிள்ளைக்குப் பாதித் தலை மழித்ததும் கத்தியை நிறுத்திக்கொண்டு இன்னொரு தொகை கேட்டார் ஒருவர். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே பேரம் பேசுவது? கொடுத்தோம். நேர்ச்சைக்கு வருகிறவர்களிடம் இப்படிச் செய்யலாமா என்று மனசு கொதித்தது. நேர்ச்சை ஆடு வெட்டிச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், அவர்கள் இந்துக்கள், எங்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு நிழலில் உட்கார இடம் கொடுத்தது. பிள்ளைக்குத் தண்ணீரும் கொடுத்தார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் அருளானந்தர் ரத்தம் சிந்திய அந்தச் செம்மண் முன்னால் போய் நின்றோம்.

எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த கதைதான். அருளானந்தரும் நேர்ச்சைப் பிள்ளை. 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். சிறுவயதில் பிழைக்க மாட்டார் என்ற நிலையில் கிடந்தபோது அவருடைய அம்மா புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்ததும் ஒரு வருஷம் பிள்ளைக்குச் சவேரியாரின் துறவற சபையான சேசு சபையின் அங்கி போட்டுவிட்டு நேர்ச்சையைச் செலுத்தினார். வளர்ந்த மகன் வேதம் போதிக்க இந்தியாவுக்குக் கிளம்பியபோது தடுத்துப் பார்த்ததும் அதே அம்மாதான். 1686-இல் மறவர் சீமையில், அதாவது எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில், பிடிபட்டு அடிபட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று ராஜா சேதுபதி சொல்லி அனுப்பிய பிறகும் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். இந்த இடத்தில்தான் தலையை வெட்டினார்கள்.

எத்தனையோ முறை கேட்ட கதை. அன்றைக்கு இடுப்பில் பிள்ளையோடு நின்றபோது கை நடுங்கிவிட்டது. சாவிலிருந்து காப்பாற்றிக் கொடுத்த பிள்ளையைக் கடவுள் பிறகு கேட்டு வாங்கிக்கொண்டாரே! காப்பாற்று, காப்பாற்று என்று கேட்டு வந்தவள் நான், இந்த மண்ணில் எப்படிப் பிள்ளையை இறக்குவேன்? பின்னால் கூட்டம் நெட்டித் தள்ளுகிறது, "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார்கள். என்னால் குனிய முடியவில்லை. மாமி என் முதுகில் கை வைத்து, "ஒப்படைக்கிறதுன்னா அதுதான் தாயி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இறக்கினேன். "உம்முடைய பிள்ளை ஆண்டவரே, எப்படியானாலும் உம்முடைய பிள்ளை" என்றுதான் சொல்ல வந்தது. மொட்டைத் தலையோடு இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தவன், ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கி மூடிக்கொண்டான். விரலிடுக்கில் செம்மண் வழிகிறது. தூக்கினபோதும் விடவில்லை. எனக்கு அழுகை நிற்கவே இல்லை. அது பயத்தில் வந்த அழுகை இல்லை. அந்த 108 வண்டியில் இருட்டில் நான் தனியாக இல்லை, ஒரு நிமிஷம்கூடத் தனியாக இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இயேசுவே, உமக்கு நன்றி. அருளானந்தரே, உமக்கு நன்றி. திருப்பலியில் என்ன பிரசங்கம் வைத்தார்கள், தேர் எப்போது வந்தது, எதுவும் நினைவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தோம். மாமியின் கால் வீங்கிவிட்டது. கொண்டுவந்த மண்ணில் ஒரு சிட்டிகையை இவன் அப்பா துணியில் முடிந்து, மறுநாள் விடியலில் படகின் முன்முனையில், அணியத்தில், கட்டிவிட்டுக் கடலுக்கு இறங்கினார். பிள்ளையைக் குளிப்பாட்டி இரண்டு நாளாகிறது. நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் செம்மண் இருக்கிறது.