பட்டினியோடு பாடுகிறவன்

ஹவாயின் மௌயி தீவுக்குப் பிப்ரவரியில் போனதே திமிங்கலம் பார்க்கத்தான். படகு கிளம்பி அரை மணி நேரத்தில் எனக்குக் குமட்டல். கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓட, நான் பார்த்தது ஒரு வால் நுனியும் பத்துப் பேரின் முதுகும்.

அப்புறம் இன்ஜினை நிறுத்தி, நீருக்கடியில் கேட்கும் மைக் ஒன்றைக் கேபிளோடு இறக்கினார்கள். முதலில் வெறும் கரகரப்பு. பிறகு நடுராத்திரி மாட்டுத் தொழுவத்தில் கேட்பதுபோல ஒரு முனகல். அது மேலேறி, எண்ணெய் காணாத கதவாகக் கிறீச்சிட்டு, மறுபடி அடிக்குரலுக்கு இறங்கியது. படகில் ஒருவரும் பேசவில்லை. என் குமட்டலும் எங்கோ போய்விட்டது.

கூன்முதுகுத் திமிங்கலத்தில் ஆண்தான் பாடும் என்றார் வழிகாட்டிப் பெண். பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கியபடி, ஒரு குமிழிகூட விடாமல். காற்று உடம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருமாம். பத்து, இருபது நிமிடப் பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இது வெறும் சத்தமல்ல, அடிகள் திரும்பத் திரும்ப வரும் பாட்டு என்று ரோஜர் பேன், ஸ்காட் மெக்வே என்ற ஆய்வாளர்கள் 1971-ல் எழுதினார்கள். இந்தத் திமிங்கலங்கள் அலாஸ்காவிலிருந்து சுமார் 4,800 கிலோமீட்டர் நீந்தி வருகின்றன. வழியிலேயே பாட்டு ஆரம்பமாகிவிடும். இங்கே இரை கிடையாது, சேர்த்த கொழுப்பைக் கரைத்தபடிதான் குளிர்காலம் முழுக்கக் கச்சேரி. யாருக்காக என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியக் கதை. 1996-ல் அதன் கிழக்குக் கரையில் பதிவுசெய்த 82 திமிங்கலப் பாடகர்களில் இரண்டே பேர் மேற்குக் கரைப் பாட்டைப் பாடினார்கள். 1998-க்குள் எல்லோரும் பழையதை விட்டுவிட்டுப் புதுப் பாட்டுக்கு மாறிவிட்டார்கள். நம்மூர் சினிமாப் பாட்டு கெட்டது போங்கள்!

மறுநாள் காலை, கிஹேய் கடற்கரையில் இடுப்பளவு நீரில் நின்று தலையை உள்ளே விட்டேன். கேட்டது! மைக் இல்லை, படகு இல்லை. எந்தத் திசை என்றுதான் புரியவில்லை. நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் நம் காதுக்குத் திசை பிடிபடாது. தலையைத் தூக்கினால் அலையும், பக்கத்தில் இரண்டு பிள்ளைகளின் வாளிச் சண்டையும். மூச்சு பிடித்து மறுபடி உள்ளே போனால் அதே முனகல்.

அறையைக் காலி செய்ய நாற்பது நிமிடம் தாமதம். தலையில் நீர் சொட்டச் சொட்டப் போய் நின்றேன்.