இறகு செட் வாங்கி நான் பட்ட பாடு: பேப்பர் இல்லாம வாங்கிடாதீங்க

பயாலஜி லேபுக்கோ சொந்த கலெக்‌ஷனுக்கோ பதப்படுத்தின பறவை இறகு வாங்கலாம்னு யோசிக்கிறவங்க முதல்ல இதைப் படிச்சிடுங்க. கலர் பளிச்சுன்னு இருக்கா, முனை மடங்காம இருக்காங்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அது என்ன பறவை, எங்கேருந்து வந்துச்சு, யார் கொடுத்தாங்கன்னு எழுத்துல ஒரு சீட்டு கூட இருக்கா, அதைத்தான் முதல்ல கேக்கணும். அந்த ஒத்தச் சீட்டு இல்லாம நான் அலைஞ்சதுல செருப்பு தேஞ்சது தான் மிச்சம்.

கிளாஸ்ல படத்தைக் காட்டி "இது ப்ரைமரி (இறக்கை நுனில இருக்கிற நீள இறகு), இது டவுன் இறகு (பஞ்சு மாதிரி மெத்து இறகு)"ன்னு சொன்னா பசங்க மண்டைல ஏறவே மாட்டேங்குது, கையில கொடுத்தா தான் ஏறும். அதுக்காக வெளிநாட்டு ஆன்லைன் விற்பனையாளர் ஒருத்தர்கிட்ட "20 பறவைகளின் இறகுகள், கல்வி உபயோகத்துக்கு"ன்னு போட்டிருந்த செட்டை ஆர்டர் பண்ணேன். பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பேப்பர் பத்தி கேட்டேன், "எல்லாம் சட்டப்படி தான், கவலைப்படாதீங்க"ன்னு ஒரு சிரிப்பு எமோஜியோட பதில் வந்துச்சு. பேமென்ட், ஷிப்பிங் எல்லாம் சிக்கலில்லாம முடிஞ்சுது. பார்சல் சுங்கத்துல போய் உக்காந்துடுச்சு.

கவுன்டர்ல இருந்தவர் கம்ப்யூட்டரை விட்டு கண்ணையே எடுக்கல. "சார், உள்ள ஒரு அட்டைல கழுகுன்னு போட்டிருக்கு. பர்மிட் எங்க?" அது கல்விக்கான செட் சார்னு சொன்னேன். "கல்விக்குன்னா கழுகைப் பிடிக்கலாமா?" என்ன பதில் சொல்றது இதுக்கு. சரி சார், என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டா, ஒவ்வொரு இறகுக்கும் விலங்கியல் பேர், மூலம் எது, காட்டுப் பறவையா வளர்ப்பா, எல்லாம் லிஸ்ட் போட்டு விற்பனையாளர் கையெழுத்தோட கொண்டு வாங்கன்னாரு. விற்பனையாளர் அனுப்பின லிஸ்ட்ல "கழுகு, பருந்து, கிளி, நீலப் பறவை"ன்னு இருந்துச்சு. நீலப் பறவையாம்! அதைக் கொண்டு போய் நீட்டினா அவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் தான் காட்டுக்குள்ள போய் சுட்டுட்டு வந்தேங்கற மாதிரி.

அவர் மேல எனக்கு இன்னும் கடுப்பு இருக்கு, அடுத்த தடவை போனப்போ அதே லிஸ்ட்டை வேற ஃபார்மேட்ல கேட்டாரு, அதுக்கு அடுத்த தடவை அந்த ஃபார்மேட் செல்லாதுன்னாரு. ஆனா சட்டம் அவர் பக்கம் தான், அதையும் சொல்லணும். அழிவு அபாயத்துல இருக்கிற உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்ஸ் (CITES) ஒப்பந்தம் 1973-ல கையெழுத்தாகி 1975-ல அமலுக்கு வந்தது, அந்தப் பட்டியல்ல இருக்கிற பறவைன்னா உயிரோட இருக்கிறது மட்டுமில்ல, ஒரு இறகு எல்லை தாண்டினாலும் கணக்கு தான். அமெரிக்காவுல 1918-ம் வருஷத்து வலசைப் பறவைச் சட்டப்படி, அங்கத்திய காட்டுப் பறவைகள்ல பெரும்பாலானதோட இறகை, தரைல தானா உதிர்ந்து கிடந்தாலும், அனுமதி இல்லாம எடுத்து வெச்சுக்க முடியாது. இந்தியாவுல 1972 வனவிலங்கு சட்டத்துல தானா உதிர்ந்த மயிலிறகுக்கு விலக்கு இருக்கு, ஆனா அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. உதிர்ந்ததா புடுங்கினதான்னு இறகைப் பாத்து ஆபீசருக்கு எப்படித் தெரியும்? அதனால தான் இவ்வளவு கெடுபிடி. ஒரு காலத்துல தொப்பில செருகுறதுக்காகவே கொக்குகளைக் கூட்டம் கூட்டமா கொன்னு தள்ளினாங்க, அதுக்கப்புறம் வந்த சட்டங்கள் தான் இதுல பாதி. உங்க ஊர் சட்டம் என்னன்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

கடைசில வழி எங்கேருந்து பிறந்துச்சுன்னா, பறவை நிபுணர் யாராவது பாத்து எழுதிக் கொடுத்தா ஏத்துக்குறோம்னு மேலதிகாரி ஒருத்தர் சொன்னாரு. (இதை கவுன்டர்ல முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லல. மாட்டினீங்கன்னா நீங்களே கேளுங்க.) மியூசியம்ல வேலை பாக்குற ஒருத்தங்க வந்து உதவினாங்க. அவங்க அந்த "கழுகு" இறகை எடுத்து அடித்தண்டை ஒரு பார்வை பாத்தாங்க, ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சால முனையை ஒரு இழு இழுத்தாங்க, பஞ்சு முழுக்க காப்பிக் கலர். வெள்ளை வான்கோழி இறகுக்கு பெயின்ட் அடிச்சு கழுகாக்கி வெச்சிருக்கான்! இது பெரிய வியாபாரமாம், போலிக் கழுகு இறகுன்னே வெளிப்படையா விக்கிறவங்க இருக்காங்க, அதுல தப்பில்ல, நம்ம ஆளு அந்த "போலி"ங்கற வார்த்தையை மட்டும் முழுங்கிட்டான்.

அதோட விடல அவங்க. அடில இருக்கிற பஞ்சு மாதிரியான பகுதியை மைக்ராஸ்கோப்ல வெச்சு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. கோழி இனத்துப் பறவைகளுக்கு அங்க இருக்கிற நுண்கிளைகள்ல (இறகோட இழைலேருந்து பிரியுற இன்னும் மெல்லிய இழைங்க) வளையம் வளையமா கணு இருக்கும், கழுகு குடும்பத்துக்கு அப்படி இருக்காது. 1960-ல பாஸ்டன்ல விமானம் விழுந்து 62 பேர் செத்துப் போனப்போ, இன்ஜின்ல ஒட்டியிருந்த இறகுத் துணுக்கை வெச்சு ஸ்டார்லிங் பறவைகள் தான் காரணம்னு சொன்னது அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருந்த இறகு நிபுணர் ராக்சி லேபோர்ன். அந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இந்தக் கணுவெல்லாம் தான் அடிப்படைன்னாங்க. எரிச்சலோட போனவன் ஒரு மணி நேரம் மைக்ராஸ்கோப்பை விட்டு எந்திரிக்கல.

"நீலப் பறவை" இன்னும் மோசம். இதை நீங்களே வீட்ல செஞ்சு பாக்கலாம். இறகுல இயற்கையான நீலம்ங்கறது சாயம் இல்ல, கெரட்டினுக்குள்ள (இறகு, நகம் எல்லாம் ஆன புரதம்) இருக்கிற நுண்ணிய அமைப்புல வெளிச்சம் சிதறித்தான் நீலமா தெரியுது. வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சுப் பாத்தா நீலம் காணாம போய் பழுப்பா தெரியும். என் இறகு எப்படிப் பிடிச்சாலும் நீலமாவே இருந்துச்சு, அடித்தண்டு வரைக்கும் நீலம். வாத்து இறகுக்கு சாயம் போட்டது.

இப்போ கூத்தைக் கேளுங்க. "பருந்து"ன்னு அட்டை போட்டிருந்த ஒண்ணு மட்டும் நிஜமாவே காட்டுப் பறவையோடது, ஆனா பருந்து இல்ல, ஆந்தை. முன் விளிம்புல சீப்புப் பல்லு மாதிரி வரிசை, மேல்பக்கம் வெல்வெட் மாதிரி மெத்துனு, சத்தமில்லாம பறக்குறதுக்கு உள்ள ஏற்பாடு. மொத்த செட்லயே பாடம் எடுக்க உருப்படியானது அது ஒண்ணு தான். அதுக்கு எந்த பேப்பரும் இல்ல, பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. போலியெல்லாம் என் கைக்கு, அசல் அரசாங்கத்துக்கு. பணம் திரும்பக் கேட்டேன், விற்பனையாளர் இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல.

வீட்டுக்கு வந்த பெட்டில இன்னொரு பரிசும் இருந்துச்சு. அட்டைக்கு அடில பழுப்பு பழுப்பா தூள், கூடவே ரோமம் முளைச்ச சின்னப் புழு சட்டை உரிச்சுப் போட்ட தோலு. கார்ப்பெட் வண்டோட புழு. இதுவும் அந்துப்பூச்சியோட புழுவும் கெரட்டினைத் திங்கிற ஜாதி, இறகு, கம்பளி, ரோமம் எல்லாம் அதுங்களுக்கு விருந்து. உடனே அந்துருண்டையை வாங்கிப் போடாதீங்க, அந்த வாடை உடம்புக்கு நல்லதில்ல, பசங்க கையாளுற பொருள் வேற, சில பிளாஸ்டிக் டப்பாவும் அதுல இளகிடும். ஃப்ரீசர் தான் வழி. ஜிப்லாக் கவர் ரெண்டு அடுக்கா போட்டு, காத்தை அமுக்கி வெளியேத்தி, மைனஸ் 20 டிகிரி பக்கத்துல ரெண்டு வாரம். வெளிய எடுத்ததும் ஆர்வக் கோளாறுல பிரிக்காதீங்க! கவர் மூடினபடியே ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரணும், இல்லைன்னா இறகு மேல ஈரம் கோத்துக்கும். அப்புறம் திரும்ப ஒரு ரவுண்டு ஃப்ரீசர். வீட்ல திட்டு வாங்குவீங்க, வாங்கிக்கோங்க.

அதுக்கப்புறம் ஆன்லைன் சகவாசமே வேணாம்னு நானே ஒரு செட் சேர்த்தேன். கோழி, வாத்து, வான்கோழி, கினிக்கோழி, புறா, லவ் பேர்ட்ஸ், எல்லாம் வளக்குறவங்ககிட்ட கேட்டு, உதிர்ந்ததை வாங்கினது. கேட்டவங்க எல்லாரும் சந்தோஷமா கொடுத்தாங்க, "இந்தத் தேதில என் வளர்ப்புப் பறவைகிட்டேருந்து உதிர்ந்தது"ன்னு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாங்க. ஒருத்தர் மட்டும் "இறகுக்குப் போய் பத்திரமா"ன்னு சிரிச்சாரு. சிரிக்கட்டும்.

கழுவுறதுல ஒரு எச்சரிக்கை. வெதுவெதுப்பான தண்ணில மைல்டான சோப்பு ஒரு சொட்டு, அலசி, துணில ஒத்தி எடுத்து, ஹேர் ட்ரையரை சூடில்லாம வெச்சு அடிலேருந்து நுனிப் பக்கமா காட்டினா போதும். ஈரத்துல எலி வாலாட்டம் ஆயிடுச்சேன்னு பயப்படாதீங்க, காஞ்சதும் விரலால நீவி விட்டா நுண்கிளைக் கொக்கிங்க திரும்ப ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும், பசங்களுக்கு இதைச் செய்யக் கொடுங்க, விடவே மாட்டாங்க. ஆனா டுராக்கோங்கற ஆப்பிரிக்கப் பறவையோட சிவப்பு இறகு யாரிடமாவது இருந்தா சோப்பே கூடாது, அந்தச் சிவப்பு செம்பு கலந்த நிறமி, காரத் தண்ணில கரைஞ்சு போயிடும்.

ஒட்டுறதுக்கு ஃபெவிக்கால், செல்லோடேப் எதுவும் வேணாம். அமிலமில்லாத அட்டைல ரெண்டு கீறல் போட்டு தண்டைச் செருகினா நிக்கும், வேணும்னா உருவிக்கலாம். சுவர்ல வெயில் படுற இடத்துல மாட்டாதீங்க, மஞ்சள் சிவப்பெல்லாம் வெளுத்துடும்.

லேபிள் அட்டையிலேயே நேரா எழுதிடுங்க, தனியா ஒரு நம்பர் போட்டு நோட்லயும் ஏத்திடுங்க: பறவை, இறக்கையா வாலா எந்த இடம், தேதி, இடம், கொடுத்தவர். 2009-ல இங்கிலாந்து ட்ரிங் மியூசியம்லேருந்து 299 பறவைத் தோல் திருடு போச்சு, மீன் தூண்டில்ல மாட்டுற ஈ மாதிரியான போலி இரை கட்ட இறகு வேணும்னு ஒரு ஆளு செஞ்ச வேலை. நிறைய திரும்பக் கிடைச்சுது, ஆனா பலதுல லேபிள் இல்ல. எங்க, எப்போ கிடைச்சதுன்னு தெரியலைன்னா ஆராய்ச்சிக்கு அது வெறும் அழகான இறகு.

இப்போ செட் லேபுல இருக்கு, கூடவே கையெழுத்து வாங்கின கடிதங்களோட ஃபைல். இதைக் கேள்விப்பட்டு ஒருத்தர் அவங்க தாத்தா காலத்து பாடம் பண்ணின பறவை ஒண்ணைப் பெட்டியோட கொண்டு வந்து கொடுத்துட்டுப் போயிட்டாரு. பழைய காலத்துல பாடம் பண்ணின பறவைன்னா ஆர்சனிக்ங்கற விஷம் தடவியிருக்க வாய்ப்பு அதிகம், போன நூற்றாண்டுல கூட ரொம்ப காலம் பூச்சி வராம இருக்க அதைத்தான் பூசினாங்க. உங்களுக்கும் இப்படி யாராவது ஆசையா தூக்கிட்டு வந்தா கிளவுஸ் இல்லாம தொடாதீங்க, பசங்க கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க. டெஸ்ட் பண்ணித் தர்ற இடம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, பெட்டியை இன்னும் திறக்கல.