குன்னூர் ஸ்டெப்ஸும் எங்க அபார்ட்மென்ட் சுவரும்

நீலகிரி எக்ஸ்பிரஸ்ல காலைல மேட்டுப்பாளையம் எறங்குனா வழக்கம்போல மலை ரயிலுக்கு டிக்கெட் இல்ல, சரின்னு பஸ்ல ஏறிட்டேன். அதுவும் நல்லதுதான், கார்ல போனா 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் எடுக்கணும், பஸ்ல போறவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பர்லியார் தாண்டுனதும் காது ரெண்டும் அடைச்சுருச்சு.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு ஆட்டோ தேடிட்டு இருக்கேன், சித்தி போன்ல "ஆட்டோ எதுக்குடா, ஸ்டெப்ஸ்ல ஏறி வா, பத்து நிமிஷம்"னாங்க. பத்து நிமிஷம் அவங்களுக்கு. எனக்கு இருபத்தஞ்சு ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ போன் பாக்குற மாதிரி நடிச்சுட்டு மூச்சு வாங்குனேன். மறுநாள் எண்ணிப் பாத்தேன், 143 படி. மேல இருந்து கேஸ் சிலிண்டர தோள்ல வச்சுட்டு ஒருத்தர் எறங்குனாரு, நான் சுவரோட ஒட்டி நின்னாதான் அவருக்கு வழி.

அந்தப் படிக்கட்டுல ஒரு விஷயம் இருக்கு, எல்லா வீட்டு வாசலும் படியப் பாத்துதான். வேற வழியே இல்லையே, கார் வராது. எண்ணெய் டின்னுல ஜெரேனியம், கொடியில ஸ்வெட்டர், வெயில் வந்தா திண்ணையில ஆளுங்க. பாதி வழில கொஞ்சம் அகலமான எடத்துல ஒரு டெய்லர் மெஷின் போட்டிருக்காரு. ரெண்டாம் நாள் சிம்ஸ் பார்க் போயிட்டு (1874ல ஆரம்பிச்ச பார்க், மரத்தப் பாக்கவே ஒரு நாள் வேணும்) திரும்பி ஸ்டெப்ஸ்ல எறங்கி வந்தா வீடு பூட்டியிருக்கு. கொஞ்சம் கீழேர்ந்து டெய்லர் குரல் குடுக்குறாரு, "தம்பி, அக்கா மார்க்கெட் போயிருக்காங்க, சாவி என்கிட்ட." என்னை அவருக்கு யாரும் அறிமுகம் பண்ணி வைக்கல. முந்தின நாள் மூச்சு வாங்குனத பாத்திருக்காரு, அவ்ளோதான்.

நான் இருக்குறது சென்னைல மேடவாக்கம் பக்கம். அங்க என் பிரண்டு வந்தாலே கேட்டுல ஆப், ஓடிபி, அப்ரூவல். எங்க அபார்ட்மென்ட் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பால் கடை, எங்க பால்கனில இருந்து பாத்தா கடக்காரரு சில்லறை எண்ணுறது தெரியும், ஆனா போகணும்னா மெயின் ரோட்டச் சுத்தி ஒன்றரை கிலோமீட்டர். அதுக்கு எல்லாரும் பைக் எடுக்குறோம், அப்புறம் டிராபிக்குனு திட்டுறோம். பின்சுவர்ல ஆள் மட்டும் போற மாதிரி ஒரு சின்ன கேட் வைக்கலாம்னு மீட்டிங்ல கேட்டேன், செக்யூரிட்டி பிரச்சினைன்னு தோத்துப் போச்சு.

குன்னூர யாரும் நடக்குறதுக்குன்னு பிளான் பண்ணல. 1899ல ரயில் மேல வந்துச்சு, அப்ப கார் ஏது, அதனால ஸ்டேஷன், மார்க்கெட், கடை எல்லாம் கூப்பிடு தூரத்துல ஒட்டிக்கிச்சு, வீடுங்க படி வழியா மேல ஏறிக்கிச்சு. ரொம்பப் புகழவும் முடியாது. சித்திக்கு முட்டி வலி வந்தப்ப ரெண்டு மாசம் கீழயே எறங்கல, அந்தப் படில வீல்சேர் நெனச்சே பாக்க முடியாது. குன்னூர் மவுண்ட் ரோட்டுல சீசன்ல நடந்தா கார் மிர்ரர் முழங்கைல இடிக்குது, பாதி எடத்துல பிளாட்பாரமே இல்ல.

சென்னைல மட்டும் முடியாதான்னா அப்படியும் இல்ல, பாண்டி பஜார்ல 2019ல நடைபாதைய அகலமாக்குனாங்க, அங்க இப்ப சாயங்காலம் தாத்தா பாட்டி பெஞ்சுல உக்காந்திருக்காங்க. ஆனா அது டி.நகர். எங்கள மாதிரி புறநகருக்கு வந்தா பிளாட்பாரம் மேல டிரான்ஸ்பார்மர் நிக்கும். நடக்க 1.8 மீட்டராவது தடையில்லாம வேணும்னு ரோட்டுக்கு தர அளவு வகுக்குற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லுது, எங்க ரோட்டுல நான் டேப் வச்சு அளந்தேன், டிரான்ஸ்பார்மர் போக மிச்சம் 40 சென்டிமீட்டர். என் பெண்டாட்டி தலைல அடிச்சுக்கிட்டா.

கெளம்புற அன்னைக்கு டெய்லர்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன், என் பேக் ஜிப் பிஞ்சு தொங்குறத பாத்துட்டு அங்கயே தச்சுக் குடுத்துட்டாரு, காசு வாங்கல.

வர்க்கி மூணு பாக்கெட் வாங்குனேன். ஒண்ணு அசோசியேஷன் செக்ரட்டரிக்கு. அடுத்த மீட்டிங் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை.