ஆனைமங்கலத்துச் செப்பேடுகள் லைடன் சென்ற கதை

சோழர் வரலாற்றில் ஓரளவு ஆர்வமுள்ளவர்கள் அனைவரும் லைடன் செப்பேடுகள் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். நெதர்லாந்தின் ஒரு பல்கலைக்கழக நகரத்தால் அறியப்படும் அந்தச் செப்பேடுகளில் இருப்பதோ நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பற்றிய அரசாணை.

முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 அளவில், அந்த ஊரின் வருவாய் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயப் பள்ளிக்குரிய அறக்கொடையாக, வழங்கப்பட்டது. விகாரத்தைக் கட்டியவன் ஸ்ரீவிசயத்துக்கும் (சுமத்திராவை மையமாகக் கொண்ட கடல் வணிக அரசு) கடாரத்துக்கும் (இன்றைய மலேசியாவின் கெடா) அரசனான மாறவிசயோத்துங்கவர்மன். தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரை அதற்கு இட்டிருந்தான். சைவப் பேரரசன் ஒருவன், கடல் கடந்த நாட்டு மன்னன் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்ததைச் சமயப் பொறையின் சான்றாக மட்டும் காட்டுவது வழக்கம். சீனம் வரை செல்லும் கப்பல்கள் மலாக்கா நீரிணையைக் கடந்தாக வேண்டும் என்பதையும், அந்த நீரிணை ஸ்ரீவிசயத்தின் பிடியில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கொடையின் முழுப்பொருள் விளங்கும் என்பது என் எண்ணம்.

21 ஏடுகள், அவற்றில் 5 வடமொழியிலும் 16 தமிழிலும் அமைந்தவை. முத்திரை பொறித்த பெரிய வளையம் ஒன்றில் கோக்கப்பட்ட இவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோ. வடமொழிப் பகுதி சோழர் குலப் புகழைப் பாடுகிறது. என்னைக் கட்டிப்போடுவது தமிழ்ப் பகுதிதான். அரசன் வாய்மொழியாகச் சொன்னது ஓலையில் ஏறி, அதிகாரிகள் பலர் ஒப்பமிட்டு, வரிக் கணக்கில் பதிவாகி, நாட்டாருக்கு, அதாவது அப்பகுதி ஊர்களின் அவையினருக்கு, சென்று, அவர்கள் பெண்யானையை நடத்தி எல்லை வகுத்த வரலாறு அதில் படிப்படியாகப் பதிவாகியுள்ளது. நிலம், வேலி என்னும் பழைய அளவில், 97 வேலியும் சில்லறையும். அதிலிருந்து விகாரத்துக்குச் சேர வேண்டிய நெல் 8,943 கலம், 2 தூணி, 1 குறுணி, 1 நாழி. பெரிய அளவான கலத்தோடு நிறுத்தாமல், மிகச் சிறிய அளவான கடைசி நாழிவரை எழுதிய அந்தக் கணக்கரை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆணை தந்தையுடையது, அதைச் செம்பில் வெட்டுவித்தவன் மகன் இராசேந்திரன். அவனே 1025 அளவில் கடாரத்தின் மீது படையெடுத்தான் என்பது வரலாற்றின் விசித்திரம். ஆனாலும் அந்தப் போரோடு கொடை முடிந்துவிடவில்லை. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் இருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, முதலாம் குலோத்துங்கன் விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கை உறுதிசெய்து மூன்று ஏடுகள் கொண்ட தனிச் செப்பேடு வழங்கினான். சிறிய லைடன் செப்பேடு என்பது அதுவே.

1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1781 வரை அதைத் தன் வசம் வைத்திருந்தது. அந்தக் காலத்தில், பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பணியாற்றிய ஃபுளோரென்ஷியஸ் காம்பர் என்ற கிறித்துவப் போதகரின் கைக்கு ஏடுகள் வந்து, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரோடு ஐரோப்பா சென்றன. (உடற்கூற்றியலில் பெயர் பெற்ற பெத்ரூஸ் காம்பர் இவருடைய மகன்.) பின்னர் அவை 1862-இல் லைடன் பல்கலைக்கழகத்தின் உடைமையாயின. அவற்றின் முழு வாசகத்தைச் செம்மையாகப் பதிப்பித்து எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டியல் இதழின் 22-ஆம் தொகுதியில் வெளியிட்டவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர்.

விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஒரு செங்கல் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டிலும் நாகப்பட்டினத்தில் நின்றிருந்தது. அதை 1867-இல், அரசின் அனுமதியோடு, சேசு சபையார் இடித்தனர். இதை எடுத்துக்காட்டி, அயல்நாடு போனதால்தான் செப்பேடுகள் தப்பின என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செங்கல்லுக்கு நேர்ந்தது செம்புக்கும் நேர்ந்தே தீரும் என்பதில்லை: இராசேந்திரனின் 31 திருவாலங்காட்டு ஏடுகள் தமிழ் மண்ணிலேயே கிடந்து 1905-இல் வெளிப்பட்டன, மயிலாடுதுறைக்கு அருகே திருவிந்தளூர்க் கோயிலில் 2010-இல் சோழர் செப்பேட்டுத் தொகுதி ஒன்று மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது.