நடுவில் நிற்காத சில்லு

செங்கலடியில், பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியோடு சேரும் சந்திக்கு அண்மையில், என் மாமாவுக்கு ஒரு ரயர் கடை இருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு இரண்டு வருடம் அங்கேதான் நின்றேன். அறுவடைக் காலத்தில் நெல் லொறிகள் வரிசை கட்டும். ரயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையமான லொக் றிங் போட்ட 20 அங்குலச் சில்லுகளைப் பாரைக்கம்பியாலும் சம்மட்டியாலும் கழற்றிப் பூட்டுவதே முழுநாள் வேலை. வளையம் தெறித்தால் ஆள் தப்பாது என்பதால், சங்கிலி சுற்றாமல் காற்றடிக்க மாமா விடமாட்டார். முன்சில்லு ஆடுகிறது என்று ஓட்டுநர் முறையிட்டால், ஜாக்கியில் தூக்கிச் சில்லைக் கையால் சுழற்றிவிட்டு, ஒரு சோக்குக்கட்டியை ரயருக்கு அருகே அசையாமல் பிடிப்பார். துருத்திய இடத்தில் கோடு விழும். அது வட்டத்தின் பிசகைக் காட்டுமே தவிர, பாரத்தின் பிசகைக் காட்டாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நோர்வேக்கு வந்து, மொழி வகுப்புகளை ஒருவாறு முடித்து, ரயர் வேலை தெரியும் என்ற ஒரே தைரியத்தில் ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு வேலைத்தளத்தில் சேர்ந்தேன். இங்கே 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனங்கள் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை எல்லா அச்சுகளிலும் குளிர்கால ரயருடன் ஓட வேண்டும் என்பது சட்டம். ஆகவே நவம்பரின் முதல் இரண்டு வாரங்களும் எங்களுக்கு அறுவடைக் காலம்தான், நெல் வாசம் மட்டும் இல்லை.

அந்த முதல் நவம்பரில் நான் சமநிலை பார்த்து அனுப்பிய பேருந்து ஒன்று, ஸ்டியரிங் நடுங்குகிறது என்று மறுநாளே திரும்பி வந்தது. சில்லைச் சுழற்றி, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் குறைகிறது என்று காட்டும் மெஷின் கேட்டபடி, ரிம்மில் 300 கிராமுக்கு மேல் எடைக்கட்டி அடித்திருந்தேன். மெஷின் பொய் சொல்லுமா என்று உள்ளூரக் கோபமும் வந்தது. மேற்பார்வையாளர் அதிகம் பேசவில்லை. சில்லை மீண்டும் மெஷினில் ஏற்றிச் சுழற்றி, எண்ணைக் குறித்துக்கொண்டு, நட்டைத் தளர்த்தி, மெஷினின் தண்டை அசையாமல் பிடித்தபடி சில்லை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பி இறுக்கி, இன்னொரு முறை சுழற்றினார். எண்ணும் மாறியது, அது காட்டிய இடமும் மாறியது. சில்லின் பாரம் மாறவில்லை. சில்லு தண்டின் நடுவில் உட்காரவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22.5 அங்குல ரிம்மும் ரயரும் சேர்ந்தால் ஏறக்குறைய 100 கிலோ. அது நடுவிலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகி நின்றாலே, ரிம்மின் விளிம்பில் சுமார் 350 கிராம் பொய்ப்பாரமாகத் தெரியும். இல்லாத குறைக்கு நான் ஈயம் அடித்திருக்கிறேன்.

என் பிழை தூக்கியில் இருந்தது. சில்லைத் தூக்கியில் வைத்து நடுத்துளை தண்டுக்கு நேராக வரும்வரை உயர்த்தி, சில்லை நடுவுக்குக் கொண்டுவரும் கூம்பைத் தண்டில் செருகியதும், நட்டை இறுக்குவதற்கு முன்பே தூக்கியை இறக்கிவிட்டேன். நூறு கிலோவும் கூம்பின் மேற்பக்கத்தில் தொங்க, அப்படியே இறுக்கிவிட்டேன். தூக்கி தாங்கிக்கொண்டிருக்கும்போதே சில்லை மெல்லச் சுழற்றிச் சுழற்றி இறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தூக்கியை இறக்கலாம். துளையின் ஓரத்தில் துருவோ சேறோ இருந்தால் இதுவும் வீண். இன்னொன்று: ஐரோப்பிய லொறிகளின் பத்துத் துளைச் சில்லுகளில் 281 மில்லிமீற்றர் நடுத்துளைதான் ஹப்பில், அதாவது சில்லைப் பூட்டும் அச்சு முனையில், பொருந்துவது, ஆகவே அங்கே கூம்பு சரி. போல்ட்டுகளாலேயே நடுவுக்கு வரும் பழைய வகைச் சில்லுக்கு, போல்ட்டுத் துளைகளைப் பிடிக்கும் தட்டுத்தான் வேண்டும்.

போன வருடம் மாமாவும் பழைய மெஷின் ஒன்றை வாங்கினார். ஒரு ஞாயிறு வீடியோவில் அழைத்து, “180 காட்டுது மனே, அடிக்கட்டா?” என்றார். அரைச்சுற்றுத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன்.

“இப்ப 60. அதுவும் வேற இடத்தில. எத நம்புற?”

“ரெண்டையும் நம்பாதீங்க மாமா. கழற்றித் துளையக் காட்டுங்க.”

கைபேசி ஆடி ஆடி நெருங்கியது. துளையின் ஓரம் முழுக்க வயல் சேறு காய்ந்து, விரல் நகத்தின் தடிப்பில் ஒட்டியிருந்தது. மாமா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை; திரும்பிக் கடைப் பையனைக் கூப்பிட்டு, கம்பிப் பிரஷ் எங்கே என்று கேட்டார்.