மாட்டுத் தீவனத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தலைவாசல் பக்கம் சித்தப்பாவுக்குக் கறவை மாடுகளும் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலமும் உண்டு. அதில் அரை ஏக்கரில் தீவனத்துக்கென்று ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளம் விதைப்பார். ஆளுயரம் தாண்டி வளரும். கதிரில் பால் பிடிக்கும் சமயம் பார்த்து, 60 நாள் வாக்கில் அறுத்து மாட்டுக்குப் போடுவார். இந்தக் கோடையில் அந்த அரை ஏக்கரை அவர் மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். உள்ளே போனால் சுலபத்தில் வழி தெரியாதபடி பாதை போடுகிறானாம், லீவுக்குப் பிள்ளைகள் வந்து விளையாடலாமாம். பிடுங்குகிற பயிர் எப்படியும் மாட்டுக்குத்தானே என்று சித்தப்பாவும் சரி சொல்லிவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு ஞாயிறு லீவு. மனைவி, மகள், மச்சான் குடும்பம் என்று எல்லாரும் கிளம்பினோம். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்பது திட்டம். வாழப்பாடி தாண்டும்போதே ஏறிவிட்டது.

தம்பிக்கு இந்த யோசனை வந்தது அமெரிக்காக்காரர்களைப் பார்த்து. 1993இல் பென்சில்வேனியாவின் ஆன்வில் என்ற ஊரில் சோளக்காட்டை டைனோசர் வடிவத்தில் வெட்டிப் பாதை போட்டார்கள். ஏட்ரியன் ஃபிஷர் என்ற ஆங்கிலேயர் அதை வடிவமைத்தவர். அதற்கப்புறம் இது அங்கே டிக்கெட் போட்டு நடத்துகிற பெரிய தொழிலாகிவிட்டது. கலிபோர்னியாவில் டிக்ஸன் என்ற ஊரில் 60 ஏக்கருக்குக்கூடப் போட்டிருக்கிறார்கள். நம்முடையது அரை ஏக்கர். ஆனால் உள்ளே நிற்கிறவனுக்கு ஏக்கர் கணக்கெல்லாம் தெரியாது.

நாம் சோளம் விதைப்பது சால் சாலாக. எந்தச் சாலில் நின்றாலும் கடைசியில் வெளிச்சம் தெரியும், நேரே நடந்தால் வரப்பு. அதில் யாரும் தொலைய முடியாது. அதனால் நெடுக்கே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை என்று நெருக்கி விதைத்திருக்கிறான். பயிர் முழங்கால் உயரம் இருக்கும்போதே காகிதத்தில் போட்ட கட்டத்தின்படி குச்சி நட்டு, சணல் கட்டி, பாதை வருகிற இடத்தை வேரோடு பிடுங்கியிருக்கிறான். "வளர்ந்தப்புறம் வெட்டினா அடிக்கட்டை காலைக் கிழிச்சிடும்ணா" என்றான். பாதையில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தேன், ஒரு கட்டை கிடையாது. வேலை தெரிந்த பயல்.

உள்ளே காற்று சுத்தமாக இல்லை. பூ வந்துவிட்டதால் தட்டில் தோள் பட்டாலே மேலிருந்து மஞ்சள் பொடி கொட்டுகிறது, வியர்வையில் அப்பிக்கொள்கிறது. இலை ஓரம் பட்டால் முழங்கையில் கோடு கோடாகச் சிவந்து அரிக்கும். முழுக்கைச் சட்டை போடச் சொல்லி சித்தி முன்பே போன் பண்ணியிருந்தார். மச்சான் டீ-ஷர்ட்டில் வந்திருந்தார்.

நடுவில் ஒரு பரண். அதன்மேல் பானையில் நீர்மோர். அங்கே போய்ச் சேருவதுதான் ஆட்டம். வலது கையைச் சோளச் சுவரிலிருந்து எடுக்காமல் நடந்தால் எந்த வழியும் பிடிபட்டுவிடும் என்று மச்சான் அடித்துச் சொன்னார். வெளிச்சுவரோடு எல்லாச் சுவரும் ஒட்டியிருந்தால் அது சரிதான். தம்பி பரணைச் சுற்றிய சுவரைத் தனித்தீவாக விட்டிருந்தான். மச்சான் கையை எடுக்காமல் ஒழுங்காக நடந்து, நுழைந்த வாசலுக்கே வந்து நின்றார்.

பிள்ளைகளுக்கு விதியெல்லாம் இல்லை. முட்டுச்சந்தில் மோதுவது, கத்துவது, திரும்பி ஓடுவது. என் மகள் போட்டிருந்தது எங்கள் பட்டறைக் கொலுசு, முத்து அதிகம் வைத்தது. சத்தம் பக்கத்திலேயே கேட்கும், ஆனால் போக வழி இருக்காது. நான் போவதற்குள் அவர்கள் பரணில் ஏறி மோரைக் காலி பண்ணியிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஆள் தெரிவதில்லை. எங்கே பூக்கதிர் ஆடுகிறதோ அங்கே யாரோ இருக்கிறார்கள். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் ஆடிக்கொண்டிருந்தது மச்சான்.

அப்புறம் அப்பாயி வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் கிணற்றுமேட்டுப் பக்கம் வெளியே நிற்கிறார். பாதையையே அவர் பார்க்கவில்லை. காட்டின் நடுவே போகிற வாய்க்காலில் இறங்கி, தண்ணீர் வருகிற பக்கமாக ஏறி நடந்திருக்கிறார்.

"தண்ணி எங்கிருந்து வருதோ அங்க கெணறு. கெணத்துமேட்டுல நின்னா வூடு தெரியும். இதுக்கு எதுக்கு சாமி கட்டம் போட்டு சணல் கட்டி?"

"அப்பாயி, அது ஆட்டத்துல சேர்த்தி இல்ல!" என்று தம்பி கத்தினான். என் கட்சி அப்பாயிதான்.

தருமபுரிப் பக்கம் கம்பைநல்லூரில் ஏழு சுற்றுக் கோட்டை என்று ஒன்று இருக்கிறது; கோட்டை இல்லை, தரையில் கல் அடுக்கிப் போட்ட சுற்றுப் பாதை. அதில் ஒரே வழி, சுற்றிச் சுற்றி நடந்தால் நடுவுக்குப் போய்விடலாம். மச்சானுக்கு அது தோதுப்படும் என்றேன். பேசவில்லை.

சாப்பிட்டுவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது தம்பி, ஆளுக்கு 20 ரூபாய் வாங்கி ஊர்ப் பிள்ளைகளை விடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பா ஒரு கதிரை உரித்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். பால் தெறித்தது. "புதன்கிழமை அறுக்கறேன். முத்திப்போனா தட்டை மாடு ஒதுக்கிடும்" என்றார். தம்பி கெஞ்சினான். கடைசியில் வெளிச்சுற்றை முதலில் அறுப்பது, நடுப்பகுதியை அடுத்த ஞாயிறு வரை விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. வெளிச்சுற்று போய்விட்டால் பரணுக்கு வழி சுலபமாகிவிடும் என்பதால், அடுத்த ஞாயிறும் வரலாம் என்று முதலில் சொன்னது மச்சான்தான்.